இரண்டு நிறத்தில் ஒரு நாய்

சின்னப்புள்ளி என்பது அச்சுக்கடையில் அவருக்கு வைத்த பெயர். விளம்பரப் பலகைகளுக்குப் படம் தயாரித்துக் கொடுக்கும் கடை அது. நகரத்துப் பெரிய புள்ளிகளின் முகங்களை நாற்பதடி அகலத்துக்கு இழுத்து, கன்னத்து மருவை அழித்து, பல்லை வெளுத்து அச்சுக்கு அனுப்புவது அவருடைய பகல் வேலை. அதே ஆள் விடியற்காலையில் கணினித் திரையில் பதினாறு புள்ளி அகலத்துக்குள் ஒரு மனுஷியை நடக்க வைக்கப் பாடுபடுகிறார் என்பது ஒருநாள் கடையில் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து முதலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவர் சின்னப்புள்ளிதான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது.

இந்தப் பைத்தியம் பத்து வயதில் பிடித்தது. பெரியப்பா வீட்டில் டிவியோடு மாட்டி விளையாடுகிற கேம் பெட்டி ஒன்று இருந்தது. பெரியப்பா மகன் ஓர் ஆட்டம், அவனுடைய நண்பன் ஓர் ஆட்டம், மறுபடியும் பெரியப்பா மகன். இவர் முறை வருவதற்குள் அம்மா வீட்டுக்குக் கூப்பிட்டுவிடுவாள். ஆடக் கிடைக்காதவர் பார்க்கக் கற்றுக்கொண்டார். ஓடுகிற உருவம் குதிக்கும்போது கால் எத்தனை புள்ளி மடங்குகிறது, கண்ணுக்கு ஒரு புள்ளியா இரண்டா என்று எண்ணி வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் கணக்கு நோட்டின் கட்டங்களைப் பென்சிலால் நிரப்புவார். கணக்கில் அவர் வாங்கிய மதிப்பெண்களுக்கு அந்த நோட்டே காரணம் என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்துப் பெட்டிகளுக்கு இன்றைக்கும் புதிதாக ஆட்டம் செய்கிறவர்கள் உலகத்தில் அங்கங்கே இருக்கிறார்கள். அப்படி ஒருவரோடு இவருக்குச் சிநேகம் ஏற்பட்டது. வேறு நகரத்தில் இருந்த ஒரு கணினி நிரல்காரர். தாடியை எடுத்துவிட்டால் அடையாளம் தெரியாத ஆள் என்பதால் தாடி என்றே பெயர். தாடி நிரல் எழுதுவார், சின்னப்புள்ளி படம் போடுவார், இன்னொரு அம்மாள் இசை அமைப்பார். பதினான்கு வருஷத்தில் இரண்டு ஆட்டங்களை முடித்திருந்தார்கள். மூன்றாவது நடந்துகொண்டிருந்தது. ஒரு தபால்காரம்மா தெருத்தெருவாகக் கடிதம் கொடுத்துக்கொண்டே போகிறார். வாத்துக் கூட்டம் துரத்துகிறது, மழை பெய்கிறது, ஆட்கள் வழிமறிக்கிறார்கள். அதுதான் ஆட்டம்.

சின்னப்புள்ளி தினமும் ஐந்து மணிக்கு எழுந்து ஏழு வரை கூடத்து மூலையில் உட்கார்வார். அந்தப் பழைய பெட்டியின் கறார் அவருக்கு உயிர். எல்லாவற்றையும் எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரங்களாக வெட்டித்தான் வைக்க வேண்டும். நகர்கிற ஓர் உருவத்துக்கு மூன்றே நிறம். அப்படி மூன்று மூன்றாக நான்கு வண்ணத்தட்டுகள். திரையில் நகர்கிற எல்லாமும் அந்த நான்கு தட்டுக்குள்ளேயே பிழைத்துக்கொள்ள வேண்டும். ஒரே வரிசையில் எட்டுச் சதுரத்துக்கு மேல் வந்தால் ஒன்பதாவது கண்ணிலிருந்து மறைந்துபோகும். பகலெல்லாம் கோடி நிறங்களில் உழல்கிறவருக்கு இந்த இரண்டு மணி நேரக் கட்டுப்பாடு மருந்து போல. இந்த மூலையில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்ற நினைப்பும் அந்த மருந்தில் கலந்திருந்தது.

வேறு எந்த மூலையிலும் அவரால் அப்படி நினைத்துக்கொள்ள முடிந்ததில்லை. மாமனார் வீட்டில் மருமகன்கள் இருவர். மூத்தவர் இவர். இளையவர், அதாவது இவருடைய சகலை, போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்தார். அந்த ஆள் உள்ளே நுழைந்தால் போதும், மாமியாருக்கு வாயெல்லாம் பல். ஒழுகுகிற குழாயைச் சரிசெய்வார், மாமனாரோடு சீட்டாடித் தோற்றுப்போவார், சமையலறைக்குள் போய் நின்று எல்லோரையும் சிரிக்க வைப்பார். சின்னப்புள்ளி போனால் ஒரு நாற்காலி போடுவார்கள். நல்ல நாற்காலிதான். அதில் உட்கார்ந்துகொண்டு உள்ளேயிருந்து வரும் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பார். வயிறு கொஞ்சம் எரியும். எரிந்தாலும், தன்னுடைய கூடத்து மூலை ஞாபகத்துக்கு வந்ததும் ஆறிவிடும்.

அந்த சகலைக்கு இவர்கள் ஊர்ப் பணிமனைக்கு மாற்றல் வந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை விடும்வரை மச்சினியும் பிள்ளைகளும் அங்கேயே இருப்பது, சகலை மட்டும் இரண்டு மாதம் இங்கே தங்குவது என்று அக்காளும் தங்கையும் போனிலேயே பேசி முடித்துவிட்டார்கள். சின்னப்புள்ளிக்குச் செய்திதான் வந்தது.

சகலை வந்த மூன்றாம் நாள் காலை. சின்னப்புள்ளி திரையில் தபால்காரம்மாவை நடக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் சமையலறை வாசலில் சகலை காபித் தம்ளரோடு நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"அண்ணா, அந்தம்மா வெறும் பையோட போறாங்களா?"

சின்னப்புள்ளி திரும்பினார். பை நிறையக் கடிதம் இருக்கிறது என்றார்.

"கனம் தெரியலையே. பஸ்ஸுக்கு ஓடி வர்றவங்கள தினம் பாக்கறேன். கால் முதல்ல தரையில விழும், பை அதுக்கப்புறம்தான் இறங்கும். உங்க தபால்காரம்மாவுக்குக் காலும் பையும் ஒண்ணா இறங்குது."

தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார். சின்னப்புள்ளி மூக்குடைபட்டவராக உட்கார்ந்திருந்தார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும், பையை மட்டும் ஒரு புள்ளி கீழே இறக்கி, கால் விழுந்ததற்கு அடுத்த படத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே ஒரு புள்ளி. தபால்காரம்மா தோளில் சட்டென்று பத்துக் கிலோ ஏறிவிட்டது. ஐந்து மாதமாக எது சரியில்லை என்று அவர் தேடிக்கொண்டிருந்தாரோ அது அதுதான். குளியலறைத் தண்ணீர் நிற்பதற்குள் அவர் கணினியை அணைத்துவிட்டார்.

சகலைக்கு அந்தக் கண் எங்கிருந்து வந்தது என்பது அன்று மாலை தெரிந்தது. பேருந்துகளின் நெற்றியில் ஊர்ப் பெயர் ஒளிரும் பலகை இருக்கிறதல்லவா, அதற்கு எழுத்து அமைத்துக் கொடுப்பது அவருடைய வேலை. பதினாறு புள்ளி உயரம், ஒரே ஒரு நிறம். தூரத்தில் நிற்பவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாலும் ஊர் தெரிய வேண்டும். எழுத்தை அமைத்துவிட்டு, சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்து, திரும்பி வந்து ஒரு புள்ளியை எடுத்துவிட்டு, மறுபடியும் போய் நின்று பார்ப்பாராம். பதினோரு வருஷமாக இதே வேலை. சாப்பிட்டுக்கொண்டே இதை அவர் சொன்னபோது, சின்னப்புள்ளியின் மனைவி கையில் கரண்டியோடு அப்படியே நின்று கேட்டாள். பதினான்கு வருஷத்தில் தன் புள்ளிகளைப் பற்றி அவள் இப்படி நின்று கேட்டதில்லையே என்று சின்னப்புள்ளிக்குத் தோன்றியது. தான் அவளிடம் சொன்னதே இல்லை என்பது தோன்றவில்லை.

திருத்திய நடையைத் தாடிக்கு அனுப்பினார். பதினான்கு வருஷத்தில் நீங்கள் போட்டதிலேயே சிறந்த நடை இதுதான் என்று தாடி பதில் எழுதினார். வழக்கமாக அப்படி ஒரு வரி வந்தால் சின்னப்புள்ளிக்கு ஒரு வாரம் தாங்கும். இந்த வரி ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

அதோடு போயிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாடியோடு திரையில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது, கூடத்தைக் கடந்து போன சகலை கையை ஆட்டி, பை இப்போது கனமாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டார். தாடி விடவில்லை. யார், என்ன, எப்படி என்று கேட்டு எல்லாவற்றையும் கறந்துவிட்டார். கடைசியில், மூன்றாம் தெருவிலிருந்து தபால்காரம்மா பின்னால் வர வேண்டிய நாயை சகலை வரைந்து பார்க்கட்டுமே என்றார்.

அந்த நாய் அவர்களுக்குள் தீராத வழக்காக இருந்தது. நான்கு தட்டும் நிரம்பிவிட்டன: தபால்காரம்மாவுக்கு ஒன்று, வாத்துகளுக்கு ஒன்று, ஊர் ஆட்களுக்கு ஒன்று, கடிதம் சாவி போன்ற பொருள்களுக்கு ஒன்று. நாய்க்கு என்று தனித்தட்டு கிடையாது. பழுப்பு நாய்தான் வேண்டும், அதற்காக வாத்துகளைக் கைவிடுவோம் என்று சின்னப்புள்ளி. வாத்து இல்லாமல் ஆட்டமே இல்லை, தபால்காரம்மாவின் தட்டிலிருந்தே நாயை எடுங்கள் என்று தாடி. அந்தத் தட்டில் இருந்தது கறுப்பு, சீருடை நீலம், முகத்து மாநிறம். மூன்றையும் வைத்து சின்னப்புள்ளி பதினேழு நாய்கள் போட்டுப் பார்த்தார். பதினேழும் நீலச் சட்டை மாட்டிய நாய்களாகவே வந்து நின்றன.

பெட்டியின் விதிகளை சகலைக்குச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு சின்னப்புள்ளியிடம் வந்தது. மறுநாள் காலை இருவரும் மூலையில் உட்கார்ந்தார்கள். சதுரக் கணக்கைச் சொன்னார், அளவைச் சொன்னார். நிறத்துக்கு வந்ததும் ஒரு நொடி நிறுத்தினார்.

"நாய்க்கு ரெண்டு நிறம்தான் சகலை. கறுப்பு ஒண்ணு, அந்தம்மாவோட முகத்து நிறம் ஒண்ணு. அதுக்கு மேல பெட்டி தாங்காது."

சொல்லும்போது நாக்கு கூசவில்லை. மூன்று நிறத்தில் தன்னாலேயே முடியாதது, இரண்டு நிறத்தில் இந்த ஆளால் எங்கே முடியப்போகிறது என்ற நிம்மதிதான் வந்தது. சகலை சரி என்று தலையாட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். அன்று அச்சுக்கடையில் சின்னப்புள்ளி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார் என்று முதலாளி பிறகு சொன்னார்.

நான்காம் நாள் சாயங்காலம். கடை முடிந்து பணிமனை வழியாக நடந்து வந்துகொண்டிருந்தார். பணிமனை வாசலில் ஐந்தாறு பேர் கூடி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர்கள், பேருந்து கழுவுகிற அம்மாள் ஒருத்தி. எல்லோரும் உள்ளே நிறுத்தியிருந்த ஒரு பேருந்தின் நெற்றியைப் பார்த்தார்கள். இவரும் சாலைக்கு இந்தப் பக்கம், மருந்துக்கடை வாசலில் நின்று பார்த்தார்.

ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நாய் நடந்துகொண்டிருந்தது.

உற்றுப் பார்த்தால் அங்கே நாயே இல்லை. நான்கு பாதங்கள் மட்டும் ஒளிர்ந்தன. கண்ணுக்கு மேல் புருவம் போல இரண்டு புள்ளிகள், மூக்கோரம் இரண்டு, வால் நுனியில் ஒன்று. மீதியெல்லாம் பலகையின் கறுப்பு. அந்தப் பாதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து எழ, வால் நுனி அதற்கேற்ப ஆட, நடுவில் இருந்த கறுப்பு முழுவதும் ரோமமும் முதுகும் வயிறுமாக ஆகிவிட்டிருந்தது. கொஞ்சம் வயதான நாய். யாரையோ நம்பிப் பின்னால் போகிற நாய். பலகையின் ஓரத்துக்குப் போனதும் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தது.

சின்னப்புள்ளிக்கு உடம்பு முழுவதும் திகுதிகுவென்று எரிந்தது. அங்கே சிரித்துக்கொண்டிருந்த ஐந்தாறு பேருக்கும் அது ஒரு வேடிக்கை. வேடிக்கை பார்க்கிற அந்தச் சாலையில், அது எவ்வளவு நல்ல வேலை என்று தெரிந்த ஒரே ஆள் இவர்தான். நன்றாக இல்லை என்று நினைத்துக்கொள்ளக்கூட வழியில்லாமல் அவருடைய கண்ணே அவரைக் காட்டிக்கொடுத்தது. சகலை கண்ணில் படாமல், வந்த வழியே திரும்பிச் சுற்றிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்.

அன்றிரவு சாப்பாட்டின்போது சகலை ஒரு தாளை நீட்டினார். பணிமனையின் வேலை அட்டை. பின்பக்கத்தில் பேனாவால் கட்டம் போட்டு, நாயின் நான்கு நிலைகளை நிரப்பியிருந்தார். நேரம் கிடைக்கும்போது தாடிக்கு அனுப்பிவிடுங்கள் அண்ணா என்றார். சின்னப்புள்ளி வாங்கி மேசை இழுப்பறையில், பழைய ரசீதுகளுக்கு அடியில் வைத்தார்.

ஒன்பது நாள் அது அங்கேயே இருந்தது. தாடி கேட்டால், சகலைக்குப் பணிமனையில் தலைக்கு மேல் வேலை என்பார். சகலை கேட்டால், தாடி ஊரில் இல்லை என்பார். சகலை அதிகம் கேட்கவும் இல்லை. கேட்காமல் இருந்ததுதான் சின்னப்புள்ளியை இன்னும் வாட்டியது. தான் வரைந்து அனுப்பினால் பதில் வரும்வரை பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போனைத் திறந்து பார்க்கிற ஆள் அவர். இந்த மனுஷன் அப்படி ஒரு நாயைப் போட்டுக் கொடுத்துவிட்டு, மூன்றாம் மாடிக் குழந்தையின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

மின்கட்டண ரசீதைத் தேடி இழுப்பறையைத் திறந்தவள் மனைவி. தாளைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"நாய் ரொம்ப நல்லா இருக்கே. நீங்க வரைஞ்சதா?"

நல்லா இருக்கே என்று அவள் சொல்லி அவர் கேட்டதில்லை. "இல்ல. உன் தங்கச்சி வீட்டுக்காரர்" என்றார்.

அவள் தாளைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், இழுப்பறையைப் பார்த்தாள்.

"ஒரு வாரமா உங்க மூஞ்சி ஏன் இப்படி இருக்குன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாமான்னு பாத்தேன்" என்றாள். தாளை விசைப்பலகையின் மேல் வைத்துவிட்டு, ரசீதோடு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை அவர் நாயைப் புள்ளி புள்ளியாகக் கணினியில் ஏற்றினார். நாற்பது நிமிஷம் ஆயிற்று. அலமாரியிலிருந்து நிஜப் பெட்டியை எடுத்து, பழைய குண்டு டிவியோடு மாட்டி ஓடவிட்டார். தபால்காரம்மா நடந்தார். பின்னால் கறுப்பு நாய், மாநிறப் பாதங்களோடு. அந்தம்மாவின் தட்டிலேயே பிறந்தது போல ஒட்டிக்கொண்டது. ஐந்து மாத வழக்கு முடிந்துவிட்டது. புதுத் தட்டும் வேண்டாம், வாத்துகளையும் விட வேண்டாம். சின்னப்புள்ளி குற்றம் கண்டுபிடிக்கத் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தார். விட்டுவைத்த நீலத்தை எடுத்துக் கழுத்தில் ஒரு பட்டை போட்டார். நாய் உடனே பொம்மையாகிவிட்டது. எடுத்தார். காதில் ஒரு நீலப் புள்ளி வைத்தார். அதையும் எடுத்தார். தான் கெடுதலுக்குச் சொன்ன பொய்தான் அந்த நாயை நாயாக்கியிருக்கிறது என்று புரிந்தபோது, சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை.

தாடிக்கு அனுப்பினார். கீழே, நாய் என் சகலை வரைந்தது என்று எழுதினார். அது நியாயத்துக்காக மட்டும் என்று சொல்ல முடியாது. பேர் போடாமல் அனுப்பினால் தாடி தன்னைப் பாராட்டுவார். அடுத்தவன் நாய்க்குத் தான் வாங்குகிற பாராட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அந்த அளவுக்கு ரோஷம் மிச்சம் இருந்தது.

தாடிக்குத் தலைகால் புரியவில்லை. உடனே கூப்பிட்டார். நீலத்தை ஏன் விட்டார் என்று கேட்டதற்கு, அவருக்கு அப்படித் தோன்றியிருக்கும் என்று சின்னப்புள்ளி மழுப்பினார். ஊர் ஆட்களையும் சகலையே வரையட்டும் என்றார் தாடி. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "உங்க வாத்தையும் அவர்கிட்ட ஒரு தடவ காட்டிருங்களேன்" என்றார். அந்த வாத்துகள் சின்னப்புள்ளியின் இரண்டு வருஷம்.

இதற்குள் பள்ளிக்கூடம் விட்டு, மச்சினியும் பிள்ளைகளும் வந்து, இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்துக் குடியேறிவிட்டார்கள். தாடி சகலைக்கு நேராகவே எழுதிக் கேட்டார். நேரமில்லை, மன்னிக்கவும் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. தாடி சின்னப்புள்ளியைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் சொன்னால் கேட்பார், உங்கள் சொந்தம்தானே என்றார்.

சின்னப்புள்ளி அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பணிமனைக்குப் போனார். சகலை மாட்டேன் என்றே சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு போனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பலகைகளைச் சோதிக்கும் அறை டயர்க் கிடங்குக்குப் பக்கத்தில் இருந்தது. சுவர் முழுக்கப் பலகைகள். பாதி எரிந்தும் பாதி அணைந்தும் கிடந்தன. சகலை ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். தாடி சொன்னதை சின்னப்புள்ளி ஒப்பித்தார். சகலை சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அப்போது சின்னப்புள்ளி, சொல்ல வேண்டும் என்று நினைத்து வராத ஒன்றைச் சொல்லிவிட்டார்.

"நாய்க்கு ரெண்டு நிறம்தான்னு நான் சொன்னது பொய், சகலை. மூணு இருந்துச்சு. நீங்க தோத்துப்போகணும்னு சொன்னேன். அப்புறம் ஒம்பது நாள் அத அனுப்பாமலும் வச்சிருந்தேன்."

சகலை கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஒம்பது நாளா?" என்றார். "தாடி ஊர்ல இல்லன்னீங்களே."

"அதுவும் பொய்."

சகலை கம்பியை எடுத்துச் சுவர் ஆணியில் மாட்டினார். "அது கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு அண்ணா" என்றார். பிறகு, "நிறம் பரவாயில்ல. என் போர்டுல ஒண்ணுதான். ரெண்டுன்னு நீங்க சொன்னப்ப, அடடா ரெண்டான்னு சந்தோஷமா இருந்துச்சு" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சின்னப்புள்ளிக்கு வரவில்லை.

மன்னிப்பு கேட்டார். சகலை பரவாயில்லை என்றார். அது முழுதாகப் பரவாயில்லை ஆகிவிடவில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. வாசல்வரை கூட வந்த சகலை, கோபத்தினால் மாட்டேன் என்று சொன்னதாக நினைக்க வேண்டாம் என்றார். இந்தப் பொய்யெல்லாம் தெரிவதற்கு முன்பே அவர் தாடிக்கு மாட்டேன் என்றுதான் எழுதியிருந்தார்.

"நாலு நாள் ஜாலியா இருந்துச்சு. அவ்வளவுதான். உங்கள மாதிரி தினம் அஞ்சு மணிக்கு எழுந்து உக்கார எனக்கு அதுல பைத்தியம் இல்லண்ணா."

சின்னப்புள்ளி வேண்டிக்கொண்ட பதில்தான் அது. கிடைத்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு ஒருவன் வேண்டாம் என்று சொல்கிறான். தானாக இருந்தால், அந்தக் கண்ணில் பாதி இருந்தால், வேலையை விட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டே நடந்தார். போட்டிக்கு வந்திருந்தால்கூடத் தேவலை, மல்லுக்கு நின்றிருக்கலாம். வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போகிற ஆளோடு என்ன செய்வது? வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார், பொய் உட்பட. தங்கை வீட்டில் இது தெரிந்தால் என்ன ஆகும் என்று அவள் ஒரு மணி நேரம் திட்டினாள். தங்கைக்குத் தெரியவே இல்லை. சகலை சொல்லவில்லை.

ஊர் ஆட்களையும் தெருக்களையும் சின்னப்புள்ளியே வரைந்தார். பதினான்கு மாதம் ஆயிற்று. வாத்துகளை முழுவதுமாக அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார். கழுத்தில் நான்கு புள்ளிகள் வீணாக இருந்ததை தாடியும் பார்த்ததில்லை, இவரும் அதுவரை பார்த்ததில்லை. அந்தப் பதினான்கு மாதம் போட்டதுதான் தன்னுடைய நல்ல வேலை என்று இப்போது அவரே சொல்வார். அதைப் போட்டபோது ஒருநாள்கூடச் சந்தோஷமாக இல்லை என்றும் சொல்வார்.

ஆட்டம் வெளிவந்தது. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் எழுதினார்கள். பத்துக் கடிதம் வந்தால் ஏழு நாயைப் பற்றித்தான் இருக்கும். மூன்றாம் தெருவில் நாய் வந்ததும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அது நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். ஒவ்வொருவருக்கும் சின்னப்புள்ளி, அது நான் வரைந்ததல்ல, என் சகலை வரைந்தது என்று பதில் எழுதினார். எத்தனை முறை எழுதினாலும் அந்த வரி விரலுக்குப் பழகவில்லை.

வேலை செய்தவர்களுக்கு என்று தாடி அனுப்பிய பிரதிகளில் ஒன்றை அவரே கொண்டுபோய் சகலை வீட்டில் கொடுத்தார். சகலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அட்டை உறையின் பின்பக்கத்தில் தன் பெயரைப் பார்த்து, மச்சினியைக் கூப்பிட்டுக் காட்டினார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். எட்டு மாதம் கழித்து இளைய பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போனபோது, அது கண்ணாடி அலமாரியில் கோப்பைகளுக்கும் ஒரு கடிகாரத்துக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாள் பிரிக்கப்படவில்லை. மாட்டி விளையாட அவர்கள் வீட்டில் கேம் பெட்டி ஏது? சின்னப்புள்ளி அலமாரியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். மாமியார் வந்து, என்ன மாப்பிள்ளை, கேக் சாப்பிடவில்லையா என்று கேட்டாள். சாப்பிட்டார்.

இப்போது நான்காவது ஆட்டம் நடக்கிறது. இந்த முறை அதைவிடச் சின்னக் கருவி, கையில் வைத்து ஆடுவது. பச்சையில் நான்கே சாயல்கள். அதில் ஒரு குதிரை ஓட வேண்டும். ஏழு மாதமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். முன்கால் இரண்டும் சேர்ந்து தரையை விடும் இடத்தில் ஏதோ ஒரு புள்ளி தப்பாக இருக்கிறது. எது என்று தெரியவில்லை. இரண்டு தெரு தள்ளிக் கொண்டுபோய்க் காட்டினால் தெரிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். இன்னும் காட்டவில்லை.